ஈரம் காயும்போதுதான் பன்றி குளிர்கிறது

கத்திரி வெயில் நேரத்தில் தெரிந்தவர் ஒருவரின் வெண்பன்றிப் பண்ணைக்குப் போயிருந்தேன். மதியம் இரண்டு மணி. மேலே தகரக் கூரை, உள்ளே காற்றே இல்லை. அவர் கையில் ஓஸ் பைப், தரையெல்லாம் வெள்ளம். "அண்ணே, காலையிலேர்ந்து ரெண்டு டேங்க் தண்ணி காலி. இன்னும் பாருங்க, எப்படி மூச்சு வாங்குதுன்னு" என்றார். உண்மைதான். சொட்டச் சொட்ட நனைந்திருந்த பன்றிகள் வாயைத் திறந்துகொண்டு இளைத்துக்கொண்டிருந்தன. அவருடைய அக்கறையில் குறை இல்லை, தண்ணீரும் தாராளமாகவே இருந்தது. தண்ணீர் ஓர் உடம்பை எப்படிக் குளிர வைக்கிறது என்பதை மட்டும் யாரும் அவருக்கு உட்கார்ந்து சொன்னதில்லை.

இந்த விஷயத்தில் இரண்டு பேச்சுகள் பரவலாக உண்டு. பன்றிக்கு அழுக்கு பிடிக்கும், அதனால்தான் சேற்றில் புரள்கிறது என்பது ஒன்று. வெயிலா, தண்ணீரை அடி, சரியாகிவிடும் என்பது இன்னொன்று. முதலாவது தவறு. இரண்டாவது பாதிதான் சரி. அந்த மீதிப் பாதி தெரியாமல் போவதால் பன்றிகள் வதைபடுகின்றன, சினை தங்காமல் போகிறது, குட்டிகளின் எண்ணிக்கை குறைகிறது. எனவே அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

வியர்க்காத உடம்பு

நமக்கு வெயிலில் வியர்க்கிறது. வியர்வை காயும்போது உடம்பின் சூடு இறங்குகிறது. மாட்டுக்கும் ஓரளவு வியர்க்கும். பன்றிக்கு அந்த வசதி கிட்டத்தட்ட இல்லை. அதன் மூக்கு நுனியில் எப்போதும் ஈரம் தெரியும், அங்கே சுரப்பிகள் உண்டு. ஆனால் உடம்பு முழுவதையும் குளிர வைக்கும் அளவுக்கு வியர்வை அதன் தோலில் சுரப்பதில்லை. தோலுக்கு அடியில் கொழுப்பு ஒரு கம்பளி போலக் கிடக்கிறது. உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் நுரையீரலும் சிறியது. நாயைப் போல இளைத்து இளைத்தே சூட்டை வெளியேற்றலாம் என்றாலும் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது.

உருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கல்யாண வீட்டில் அண்டாவில் வடித்த சோறு சாயங்காலம் வரை சூடாக இருக்கும். அதே சோற்றை ஒரு தட்டில் போட்டால் பத்து நிமிடத்தில் ஆறிவிடும். உருவம் பெருக்கப் பெருக்க, எடைக்கு ஏற்ற அளவு மேற்பரப்பு கிடைப்பதில்லை. 200 கிலோ தாய்ப்பன்றி அந்த அண்டாவைப் போன்றது. உள்ளே உண்டாகும் சூடு வெளியேற அதற்குப் போதிய தோல் இல்லை.

போதாததற்கு, நம் பண்ணைகளில் இருப்பவை பெரும்பாலும் பெரிய வெள்ளை யார்க்‌ஷயர், லேண்ட்ரேஸ் இனங்களோ அவற்றின் கலப்போதான். ஒன்று இங்கிலாந்திலிருந்தும் மற்றது டென்மார்க்கிலிருந்தும் வந்தவை. குளிர்நாட்டு உடம்பு. அதோடு வேகமாக வளர வேண்டும், நிறையக் குட்டி போட வேண்டும், நிறையப் பால் தர வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. வேகமாக வளரும் உடம்பில் சூடும் அதிகமாகவே உண்டாகும். தீனி செரிப்பதே ஒரு அடுப்பு எரிவது போலத்தான்.

பன்றியின் சாதாரண உடல் வெப்பநிலை 39 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். வளர்ந்த பன்றிக்குச் சுகமான சூழல் ஏறக்குறைய 18 முதல் 22 டிகிரி. 25 டிகிரியைத் தாண்டினாலே பால் கொடுக்கும் தாய்ப்பன்றி தீனியைக் குறைக்கத் தொடங்கிவிடும். நம் ஊரில் மார்கழி மதியமே 25 டிகிரியைத் தாண்டிவிடும். ஆண்டின் பெரும்பகுதி நாம் பன்றிகளை அவற்றின் தாங்கும் எல்லைக்கு வெளியேதான் வைத்திருக்கிறோம்.

சுருக்கமாக: பன்றிக்கு வியர்க்காது, அதன் உருவமும் கொழுப்பும் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கின்றன. வியர்வை செய்ய வேண்டிய வேலையை வெளியிலிருந்து வரும் தண்ணீர்தான் செய்தாக வேண்டும்.

மண்பானை என்ன செய்கிறது?

புதுப் பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் ஜில்லென்று ஆகிறது. யாரும் ஐஸ் போடவில்லை. பானையின் நுண்ணிய துளைகள் வழியே கொஞ்சம் தண்ணீர் வெளியே கசிகிறது, கசிந்த ஈரம் காற்றில் காய்கிறது. காய்வதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைப் பானையிலிருந்தும் உள்ளிருக்கும் தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொண்டு போகிறது. வருடக் கணக்கில் புழங்கிய பானையில் துளைகள் அடைபட்டுவிடும். கசிவு நின்றால் குளிர்ச்சியும் நின்றுவிடும். இரண்டு பானையிலும் இருப்பது ஒரே தண்ணீர். ஒன்றில் ஈரம் காய்கிறது, மற்றதில் காயவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் ஸ்பிரிட் தடவும்போது தோல் சில்லிடுவதும், குளித்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே வந்து நின்றால் உடம்பு நடுங்குவதும் இதனால்தான். தண்ணீர் ஆவியாகும்போது தன்னோடு எடுத்துக்கொண்டு போகும் இந்தச் சூட்டுக்கு 'உள்ளுறை வெப்பம்' என்று பெயர். பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம்.

இதன் அளவைத் தெரிந்துகொண்டால் ஆச்சரியமாக இருக்கும். 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைப் பன்றியின் மேல் ஊற்றுகிறோம், அது 35 டிகிரிக்குச் சூடாகித் தரையில் வழிந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது எடுத்துச் சென்ற வெப்பம் சுமார் 42 கிலோஜூல். அதே ஒரு லிட்டர் தோலின் மேலேயே தங்கி முழுக்கக் காய்ந்தால் எடுத்துச் செல்வது சுமார் 2,400 கிலோஜூல். ஐம்பது மடங்குக்கும் மேல். இன்னொரு விதமாகச் சொன்னால், ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பத்தைக் கொண்டு ஏழு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்கும் வரை கொண்டுபோய்விடலாம்.

இப்போது அந்தப் பண்ணைக்காரரின் ஓஸ் பைப்பை நினைத்துப் பாருங்கள். இரண்டு டேங்க் தண்ணீரும் பன்றியின் முதுகில் பட்டு, வழிந்து, சாக்கடைக்குப் போனது. தோல் எப்போதும் நனைந்தபடியே இருந்தது, கொட்டிலில் காற்று நகரவில்லை, எதுவும் காயவில்லை. 42 வந்துகொண்டிருந்த இடத்தில் 2,400 கிடைத்திருக்கும்.

இதிலிருந்து ஒரு நல்ல செய்தியும் கிடைக்கிறது. மதிய வெயிலில் குழாயில் வரும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். தோலில் காயப்போகிற தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் அதன் வேலையைச் செய்துவிடும். குளிர்ச்சியின் பெரும்பங்கு காய்வதிலிருந்து வருகிறது, தண்ணீரின் சில்லிப்பிலிருந்து அல்ல.

சேற்றில் புரளும் காரணம்

பன்றி சேற்றைத் தேடுவதும் இதே கணக்கில்தான். வெறும் தண்ணீரில் நனைந்த தோல் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். சேறு பூசிக்கொண்டால் அந்த ஈரம் மெல்ல மெல்ல, இரண்டு மணி நேரம் வரைகூட ஆவியாகிக்கொண்டே இருக்கும். மண்ணுக்குள் பிடித்து வைத்த தண்ணீர் அல்லவா? பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டி வைக்கிறோமே, அதைப் பன்றி தானே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. வெள்ளைத் தோல் வெயிலில் கன்றிப் போகும், சேறு அதற்குத் திரையாகவும் ஆகிறது. உண்ணி, பேன் தொல்லையும் குறைகிறது. காட்டுப்பன்றியும் இதையேதான் செய்கிறது.

அப்படியானால் சாணத்தில் ஏன் கிடக்கிறது? போதிய இடமும் தாங்கக்கூடிய வெப்பமும் இருந்தால் பன்றி படுக்கும் இடத்தில் சாணம் போடாது. ஒரு மூலையை ஒதுக்கிவைத்து அங்கேதான் போகும். அந்த விஷயத்தில் மாட்டைவிடச் சுத்தமானது. சூடு தாங்காமல் போகும்போது, வேறு ஈரம் கிடைக்காத நிலையில், தன் மூத்திரத்திலும் சாணத்திலுமே புரள்கிறது. கொட்டிலில் சாணம் அப்பிக்கொண்டு கிடக்கும் பன்றியைப் பார்த்தால், அது சூட்டில் தவித்துக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். "பன்றியோடு சேர்ந்த கன்றும் மலம் தின்னும்" என்று பழமொழியே வைத்திருக்கிறோம். அந்தப் பிராணியை அந்த நிலைக்குத் தள்ளியது நாம் கட்டிய கொட்டில்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம்.

நனை, நிறுத்து, காயவிடு

சரி, நடைமுறைக்கு வருவோம். பன்றியை ஒரு நிமிடம் அல்லது இரண்டு நிமிடம் நன்றாக நனைக்க வேண்டும். பிறகு தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். அடுத்த பத்து, பதினைந்து நிமிடம் தோல் காயட்டும். காய்ந்ததும் மறுபடி நனைக்கலாம். இதைத் தானாகவே செய்ய ஒரு டைமரும் வால்வும் போதும். மின்சாரம் இல்லாத இடத்தில் கைக்கடிகாரமும் ஒரு ஆளும் போதும். கொட்டிலின் வெப்பம் 27 டிகிரியை நெருங்கும்போதே தொடங்கிவிடுவது நல்லது. இளைக்க ஆரம்பித்த பிறகு தொடங்கினால் ஏறிய சூட்டை இறக்க நீண்ட நேரம் ஆகும்.

தெளிப்பான் விடும் துளி பெரிதாக, மழைத்துளி மாதிரி இருக்க வேண்டும். அப்போதுதான் மயிரைத் தாண்டித் தோலை நனைக்கும். அதைச் சாணம் போடும் பக்கத்துக்கு மேலே மாட்டுங்கள். பன்றி தானே வந்து நனைந்துகொண்டு, உலர்ந்த பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். ஈரமான இடத்திலேயே சாணம் போடும் பழக்கமும் அதற்கு வந்துவிடும், படுக்கும் இடம் சுத்தமாக இருக்கும்.

பிறகு காற்று. ஈரத்துணியை மூடிய அறையில் போட்டால் நாற்றம்தான் வரும், மொட்டை மாடியில் போட்டால் காயும். பன்றியின் தோலும் அப்படித்தான். பக்கச் சுவர்களைத் தாழ்வாகக் கட்டி, மேலே திறந்து விட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. காற்றே இல்லாத நாட்களில் மின்விசிறி வேண்டும்.

சுருக்கமாக: நனைப்பது முதல் பாதி, காயவிடுவது இரண்டாம் பாதி. நிறுத்தாமல் தண்ணீர் அடித்தால் இரண்டாம் பாதி நடக்கவே நடக்காது.

திருவள்ளூரும் தருமபுரியும் ஒன்றல்ல

அதே மண்பானை, அதே வெயில். உள் மாவட்டத்தில் ஜில்லென்று ஆகிற தண்ணீர் கடற்கரை ஊரில் அவ்வளவு ஜில்லென்று ஆவதில்லை. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் புதிய ஈரத்தை அது மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும். காற்றால் பிடித்து வைக்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இப்போது அதில் இருக்கிறது என்பதைத்தான் 'ஈரப்பதம்' என்கிறோம்.

தண்ணீரை ஆவியாக்கி ஓரிடத்தின் காற்றை எவ்வளவு தூரம் குளிர வைக்க முடியும் என்பதற்கு ஒரு தரைமட்டம் உண்டு. சாதாரண வெப்பமானியின் குமிழில் ஈரப் பஞ்சைச் சுற்றி, காற்றில் பிடித்தால் அது காட்டும் அளவுதான் அந்தத் தரைமட்டம். அதன் பெயர் 'ஈரக்குமிழ் வெப்பநிலை'. 38 டிகிரி வெயில், 30 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு உள்நாட்டு மதியத்தில் அது சுமார் 24 டிகிரி. 34 டிகிரி வெயில், 75 சதவீத ஈரப்பதம் உள்ள கடலோர மதியத்தில் சுமார் 30 டிகிரி. கடலோரத்தில் வெயில் குறைவுதான், ஆனால் காற்றைக் குளிர வைக்கும் வாய்ப்பும் குறைவு.

பனிமூட்டம் போல மிக நுண்ணிய துளிகளைத் தெளிக்கும் கருவிகளைப் பலரும் வாங்கி மாட்டுகிறார்கள். ஃபாகர் என்பார்கள். அந்தத் துளி பன்றியைத் தொடும் முன்பே காற்றில் ஆவியாகிவிடும். எனவே அது காற்றைத்தான் குளிர வைக்கிறது. வறண்ட ஊரில், காற்றோட்டம் உள்ள கொட்டிலில் நல்ல பலன் தரும். ஈரம் நிறைந்த ஊரில், மூடிய கொட்டிலில் மாட்டினால் நீராவிக் குளியல் அறைதான். வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி குறையும், ஈரப்பதம் எகிறும், பன்றி இன்னும் மோசமாக இளைக்கும். பெரிய துளி தோலை நனைக்கும், நுண்துளி காற்றை நனைக்கும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் எந்தக் கருவி எந்த ஊருக்கு என்று குழப்பம் வராது.

அப்படியென்றால் கடலோரத்தில் தண்ணீரால் பயனே இல்லையா? இருக்கிறது. பன்றியின் தோல் 35, 36 டிகிரியில் இருக்கிறது, சுற்றியுள்ள காற்றைவிடச் சூடு. சூடான பரப்பில் உள்ள ஈரம், ஈரமான காற்றிலும் காயும். மேலே சொன்ன அந்தக் கடலோர மதியத்தில், உள்நாட்டோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி வேகத்தில் காயும், அவ்வளவுதான். எனவே அங்கே காற்றைக் குளிர வைக்க முயலாமல், தோலை நனைத்து மின்விசிறியைப் போட வேண்டும். நனைக்கும் இடைவெளியையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் பன்றி அதிகம் உள்ள மாநிலம் அசாம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இருந்த சுமார் 90 லட்சம் பன்றிகளில் 20 லட்சத்துக்கும் மேல் அங்கேதான். தேசியப் பன்றி ஆராய்ச்சி மையமும் குவாஹாட்டி அருகே ராணி என்ற ஊரில் இருக்கிறது. ஆவியாகும் தண்ணீருக்குச் சிரமமான, ஈரம் மிகுந்த கோடையை அந்த மக்கள் ஒவ்வோர் ஆண்டும் சமாளிக்கிறார்கள். நம் சென்னை, கடலூர்ப் பக்கத்துப் பண்ணைகளின் சிக்கலும் அதே வகைதான்.

மே மாத வெயிலுக்கு ஜூலையில் வரும் பில்

இனி இனப்பெருக்கம். பண்ணையாளர்கள் மிக அதிகமாக ஏமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஏப்ரல், மே மாதங்களில் ஏசியை ஓடவிட்டுவிட்டு அப்புறம் வரும் இரண்டு மாத கரண்ட் பில்லைப் பார்த்துத் திடுக்கிடுவோமே, ஆண் பன்றியின் கதை அப்படித்தான். விந்தணு ஒரே நாளில் உருவாவதில்லை. விரைக்குள் அது உருவாகி முடிக்க ஐந்து வாரத்துக்கும் மேல் ஆகிறது, பிறகு வெளியே வரத் தயாராக இன்னும் பத்து நாள் வரை. ஆக மொத்தம் ஒன்றரை மாதம். விந்தணு உருவாக விரை உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஆட்டுக்கிடாவுக்கு விரை தொங்கிக்கொண்டு காற்றில் ஆறும். பன்றிக்கு அது உடம்போடு ஒட்டி இருக்கிறது, ஆற வழி குறைவு.

30 டிகிரிக்கு மேல் சில நாட்கள் தொடர்ந்து தவித்த ஆண் பன்றியிடம் அன்றைக்கே எந்தக் குறையும் தெரியாது. அப்போது வெளிவரும் விந்தணுக்கள் முன்பே உருவானவை. இரண்டு வாரம் கழித்துத்தான் நீந்தும் வேகம் குறைந்த, உருக்கெட்ட விந்தணுக்கள் தலைகாட்டும். அது சரியாக இன்னும் ஐந்து, ஆறு வாரம் பிடிக்கும். வெயில் தணிந்து மழையும் பெய்த பிறகு, ஜூன், ஜூலையில் பெட்டைகள் சினை தங்கவில்லை என்று தெரியும்போது, யாரும் மே மாதத்தை நினைப்பதில்லை. தீனியைச் சந்தேகிப்பார்கள், பெட்டையைக் கழித்துவிடுவார்கள், சினை ஊசி போட வந்தவரைத் திட்டுவார்கள். குற்றவாளி இரண்டு மாதத்துக்கு முன்பே போய்விட்ட வெயில்.

பெண் பன்றிக்கு மூன்று கட்டங்களில் கவனம் வேண்டும்.

இணை சேர்ந்த முதல் மாதம் முதலாவது. பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாட்கள். முதல் இரண்டு வாரம் கருக்கள் கருப்பையில் மிதந்துகொண்டிருக்கும். பன்னிரண்டாம் நாள் வாக்கில் அவை ஒரு வேதிச் செய்தியை அனுப்பி, தாங்கள் இருப்பதைத் தாயின் உடம்புக்குத் தெரிவிக்கின்றன. அதற்குப் பிறகுதான் கருப்பைச் சுவரில் ஒட்டத் தொடங்கும். இந்த நாட்களில் தாயின் உடம்பு கொதித்தால் சில கருக்கள் இறந்துவிடும். கொஞ்சம் இறந்தால் ஈற்றில் குட்டி குறையும். எல்லாமே போனால் பெட்டை மறுபடி பருவத்துக்கு வந்து நிற்கும். வெளியே ரத்தமோ வேறு அறிகுறியோ தெரியாது. பத்துக் குட்டி வர வேண்டிய இடத்தில் ஆறு வந்தால், "இந்தப் பெட்டை அவ்வளவுதான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது வெயிலின் கணக்காக இருந்திருக்கலாம்.

நடு மாதங்களில் ஓரளவு தாங்கும். கடைசி இரண்டு வாரம் மறுபடியும் ஆபத்து. தாய்க்கு ஏற்கெனவே மூச்சு முட்டும், ஈனும் நேரம் நீளும், செத்துப் பிறக்கும் குட்டிகள் கூடும். உயிரோடு பிறந்தவையும் தப்பித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. கருவிலேயே வெப்பத்தில் தவித்த குட்டிகள் வளர்ந்த பிறகு உடம்பில் கொழுப்பு அதிகம் சேர்க்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பால் கொடுக்கும் காலம் மூன்றாவது கட்டம். பால் சுரக்க நிறையத் தின்ன வேண்டும், தின்றால் உடம்பு சூடாகும். எனவே தாய்ப்பன்றி தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடிக்கிறது, தீனியைக் குறைக்கிறது. பால் குறைகிறது, குட்டிகள் நலிகின்றன. இருக்கிற பாலுக்கும் தன் உடம்பைக் கரைத்துக் கொடுத்து எலும்பும் தோலுமாகிறது. பால் மறக்கடித்த நான்கிலிருந்து ஏழு நாளுக்குள் பருவத்துக்கு வர வேண்டியது பத்து, பதினைந்து நாள் தள்ளிப்போகும், சில சமயம் வராமலே போகும். முட்டையை வளர்த்து வெளிவிடும் ஹார்மோன்கள் சுரக்க, உடம்பில் தெம்பு இருக்கிறது என்ற அறிகுறி மூளைக்குப் போக வேண்டும். மெலிந்த உடம்பிலிருந்து அந்த அறிகுறி போவதில்லை.

சுருக்கமாக: வெயில் ஆணின் விந்தணுவையும், பெட்டையின் ஆரம்பக் கருவையும், தாயின் பாலையும் அடுத்த பருவத்தையும் கெடுக்கிறது. பலன் தெரிவது வாரங்கள் கழித்து. வீட்டு நாட்காட்டியில் கடும் வெயில் நாட்களைச் சுழித்து வைத்தால், பிறகு சினை தங்காதபோது பின்னோக்கி எண்ணிப் பார்க்கலாம். தண்ணீர் குறைவாக இருந்தால் முதலில் யாருக்கு என்பதும் இதிலிருந்தே தெரியும்: ஆண் பன்றி, புதிதாக இணை சேர்ந்தவை, ஈனும் தறுவாயில் இருப்பவை, பால் கொடுப்பவை.

ஒரே அறையில் இரண்டு காலநிலை

குட்டி ஈனும் கொட்டிலில் வரும் சிக்கலே வேறு. தாய்க்கு 20 டிகிரி வேண்டும். அப்போதுதான் பிறந்த குட்டிக்கு 32 முதல் 34 டிகிரி வேண்டும். ஒன்றரைக் கிலோகூட இல்லாத, உடம்பில் கொழுப்பே இல்லாத குட்டி நனைந்தால் நடுங்கிச் செத்துவிடும். மேலிருந்து மழை போலத் தெளிக்கிற வேலை இங்கே ஆகாது.

இதற்கு நம் விவசாயிகளுக்கு நன்கு தெரிந்த ஒரு பொருளே உதவும்: சொட்டுநீர்க் குழாய். தாய் படுக்கும்போது அதன் பிடரியும் தோளும் எங்கே வருகிறதோ, அங்கே மேலே ஒரு சொட்டுவான். மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் போதும், அதையும் விட்டு விட்டு. தலைப்பக்கம் மட்டும் நனைந்து காயும், குட்டிகள் இருக்கும் மடிப்பக்கம் உலர்ந்தே இருக்கும். பிடரியில் ரத்தக் குழாய்கள் நிறைய ஓடுவதால் சின்ன இடத்தில் விழும் சொட்டும் நன்றாகப் பயன்படுகிறது. சொட்டுவது காதுக்குள் விழக்கூடாது, பன்றி தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். குட்டிகளுக்குத் தனியாக ஒரு மூலையில் பல்பு போட்ட பெட்டி இருந்தால், ஒரே அறையில் இரண்டு காலநிலை தயார்.

தோலை நனைக்காமலும் தண்ணீரால் குளிர வைக்கலாம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஒரு தரைப்பலகை உருவாக்கினார்கள். மேலே அலுமினியத் தகடு, அடியில் செம்புக் குழாய்கள். தாய்ப்பன்றி அதன்மேல் படுக்க, குழாயில் ஓடும் குளிர்ந்த தண்ணீர் உடம்பின் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். சிமென்ட் தரையில் வெற்றுடம்போடு படுத்தால் சுகமாக இருக்குமே, அதன் மேம்பட்ட வடிவம். இங்கே எதுவும் ஆவியாவதில்லை, எனவே ஈரப்பதம் தடையாவதில்லை. இந்த வகையில் மட்டும் தண்ணீர் சில்லென்று இருப்பது முக்கியம்.

குடிநீர்

பால் கொடுக்கும் தாய்ப்பன்றி ஒரு நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். மொட்டை வெயிலில் இருக்கும் டேங்கிலிருந்து தரைக்கு மேல் ஓடும் கறுப்புக் குழாய் வழியே வரும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள், சுடும். அதைப் பன்றி குறைவாகத்தான் குடிக்கும், குடி குறைந்தால் தீனியும் குறையும். தோலில் காயும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கலாம் என்றேன், குடிக்கிற தண்ணீருக்கு அது பொருந்தாது. டேங்குக்கு ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, குழாயை மண்ணுக்குள் புதைத்தாலே பெரிய மாற்றம் தெரியும். பன்றி வாய் வைத்துக் குடிக்கும் நிப்பிளில் தண்ணீர் வரும் வேகமும் முக்கியம், நிமிடத்துக்கு இரண்டு லிட்டராவது வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் அரை மணி நேரம் உறிஞ்ச அதற்குப் பொறுமை இருக்காது.

தண்ணீர் கெடுதலாகும் இடங்கள்

தரையில் தண்ணீர் தேங்கினால் குளம்பு ஊறிப்போய்ப் புண்ணாகும், மடிநோய் வரும், மூத்திர நெடி ஏறும். பன்றிகள் புரளச் சிமென்ட் தொட்டி கட்டுவது நல்ல ஏற்பாடுதான், ஆனால் தண்ணீரைத் தினமும் திறந்துவிட்டு மாற்ற வேண்டும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி பன்றியின் உடம்பில் பெருகுகிறது, கொசு வழியாக மனிதர்களுக்கு வருகிறது. பண்ணையைச் சுற்றித் தேங்கும் தண்ணீர் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஆபத்து. இதில் அலட்சியம் கூடவே கூடாது.

கூரையை மறந்துவிட்டுத் தண்ணீரை மட்டும் நம்பவும் முடியாது. காய்ந்த தகரம் அடுப்புத் தணல் போல மேலிருந்து சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். மேலே தென்னங்கீற்று பரப்பலாம், சுண்ணாம்பு அடிக்கலாம். மதியத் தீனியை அதிகாலைக்கும் சாயங்காலத்துக்கும் மாற்றினால், செரிமானச் சூடும் வெயில் சூடும் ஒரே நேரத்தில் சேராது. உங்கள் இடத்துக்கு எது பொருந்தும் என்று நேரில் கேட்க, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் நிலையத்தில் பன்றிகளை வைத்தே பல்லாண்டு வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள்.

மூச்சை எண்ணுங்கள்

பன்றிக்குச் சூடு ஏறிவிட்டதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். படுத்திருக்கும் பன்றியின் விலாப்பக்கம் ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் பெரிய பன்றிக்கு நிமிடத்துக்கு 15 முதல் 25 தடவை இருக்கும். 40ஐத் தாண்டினால் நனைக்கத் தொடங்குங்கள். ஒன்றையொன்று தொடாமல் கைகாலை நீட்டிப் படுத்திருப்பதும் சூட்டின் அடையாளம். நெருக்கி ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் குளிர்கிறது என்று பொருள், தண்ணீரை நிறுத்திவிடுங்கள்.

வாயைத் திறந்து நுரை தள்ளி, எழ முடியாமல் ஒரு பன்றி கிடந்தால், ஐஸ் தண்ணீரைக் குடம் குடமாக அதன்மேல் கொட்ட வேண்டாம். பலரும் பதற்றத்தில் அதைத்தான் செய்கிறார்கள். திடீர்க் குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும், சூடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அதிர்ச்சியில் உயிரே போகலாம். அடித்து எழுப்பவும் முயலக்கூடாது. அது கிடக்கும் இடத்துக்கே நிழல் வரும்படி ஒரு சாக்கைக் கட்டுங்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காதிலும் பிடரியிலும் தோளிலும் தெளியுங்கள். ஒரு மின்விசிறியை, இல்லையென்றால் ஒரு முறத்தை எடுத்து விசிறுங்கள். தானாகத் தலையைத் தூக்கிய பிறகு கொஞ்சமாகத் தண்ணீர் காட்டுங்கள். இதற்கிடையில் கால்நடை மருத்துவரைக் கூப்பிட ஒருவரை அனுப்பிவிடுங்கள். அது பால் கொடுக்கும் தாயாக இருந்தால், பாலுக்குக் கத்திக்கொண்டிருக்கும் குட்டிகளை அது எழுந்து நிற்கும் வரை தனியே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.